தெரிந்த முகத்தின் அலை

டெல்பின் அந்தப் படத்தைப் பார்த்தது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். பார்த்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளுடைய மூளைக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நல்லபெருமாளின் திரையில் அது ஒரு கோடாக எழுந்து, சட்டென்று அடங்கியது.

வியாழக்கிழமை, பகல் பதினொன்றே கால் மணி. நாகர்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடம் அது. பந்தி நடந்த கூடத்தில் இப்போது நாற்பத்தெட்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். தலையில் கம்பிகள் பின்னிய ஈரத் தொப்பி, கண்களை முழுக்க மூடிய கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் வினாடிக்குப் பத்துப் படங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். பேச்சு கிடையாது. ஏசியின் முனகலும், யாராவது தொண்டையைச் செருமும் சத்தமும் மட்டும் கேட்கும்.

நல்லபெருமாள் இங்கே மேற்பார்வையாளராக வருவதற்கு முன் இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். வலிப்பு வரும் பிள்ளைகளின் தலையில் கம்பி ஒட்டி, மூளையின் அலைகளைத் தாளில் பதிவு செய்யும் வேலை. ஒரு கோடு எழுந்தால் அது எதற்காக எழுந்தது என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும்.

இப்போது எழுந்தது வேலைக்கான கோடு அல்ல. அன்றைக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தின் படங்களில் துரு ஏறி ஓட்டை விழுந்த கன்டெய்னர்களைக் கண்டுபிடிப்பது. தேடிய பொருள் கண்ணில் பட்டால் மூளையில் ஒருவகை அலை வரும். அதைத்தான் நிறுவனம் அறுவடை செய்கிறது. டெல்பினுக்கு வந்தது வேறு வகை. அதைவிடக் கூர்மையானது, அதைவிட முந்தி வருவது. நன்றாகத் தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் வருவது. ஆஸ்பத்திரியில், கதவைத் திறந்து தாய் உள்ளே வரும்போது பிள்ளைகளின் தாளில் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

படத்தைத் தனியாக எடுத்துத் திறந்தார். அடுக்கடுக்காகக் கன்டெய்னர்கள். கீழே ஒரு ஓரத்தில், தோளில் கயிற்றுச் சுருளோடு ஒரு ஆள். நீலச் சட்டை. பாதி திரும்பிய முகம், விரல் நகம் அளவுக்கு.

டெல்பினின் கணவன் கிளீட்டஸ் நாலு வருஷத்துக்கு முன் டிசம்பரில், பதினோரு பேரோடு ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் இருந்தவன். புயல் வந்தது. இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின. மற்ற ஒன்பது பேரைப் பற்றி இன்றுவரை சேதி இல்லை. அவர்களுடைய ஊரான மணல்துறையில் அந்த ஒன்பது வீட்டுப் பெண்களும் தாலியைக் கழற்றவில்லை.

படத்தின் ஓரத்தில் இருந்த தேதி, போன வருஷம் ஆகஸ்ட்.

*

டெல்பின் வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் கண்ணாடியைக் கழற்றியதும் அவள் சந்தேகத்தோடு கேட்டது நல்லபெருமாளுக்கு நினைவிருந்தது.

"நான் ஒண்ணும் பாக்கலியே சார். வெறும் மினுக்கம்தான் தெரிஞ்சுது. இதுக்கா சம்பளம்?"

"நீங்க பாக்க வேண்டாம்மா. கண்ணு பிடிச்சத மூளை பல எடத்துக்குப் பிரிச்சு அனுப்பும். கோடு ஒரு எடம், நெறம் ஒரு எடம், அசைவு ஒரு எடம், ஆள் முகம் இன்னொரு எடம். அதது வேலைய முடிச்சு, எல்லாத்தயும் கூட்டிச் சேத்து, இன்னதப் பாத்தேன்னு உங்ககிட்ட வந்து சொல்லதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நாங்க அதுக்குள்ள அடுத்த படத்தப் போட்டுருவோம். சேதி உங்ககிட்ட வந்து சேராது. ஆனா உள்ள வேலை நடந்திருக்கும்."

டெல்பின் கொஞ்சம் யோசித்தாள். "அடுக்களையில சமையல் நடக்கும். ஆனா வீட்டுக்காரிக்கு இலை போடமாட்டிய. பின்வாசல் வழியா நீங்க எடுத்துட்டுப் போயிருவிய."

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க" என்று சிரித்தார் நல்லபெருமாள்.

"கம்ப்யூட்டர் பாக்காதா இத?"

"தெளிவா இருக்கிறத அது பாத்துக்கிடும். பாதி மறைஞ்சது, மங்கினது, கோணலாக் கெடக்கிறது, இதெல்லாம் மனுச மூளை மாதிரி அதுக்கு வராது."

அவளுக்கு வந்தது. மூன்றே மாதத்தில் கூடத்திலேயே முதல் வரிசைக்கு உயர்ந்தாள். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் மூளை சலித்துவிடும், அலைகள் தட்டையாகும். டெல்பினுக்குக் கடைசி நிமிஷம் வரை அலை தளராது. தண்டவாளத்தில் விரிசல், காட்டில் புலி, கடலில் மிதக்கும் எண்ணெய், எதைக் கொடுத்தாலும் கண்டுபிடித்தாள். அது ஏன் என்று அப்போது நல்லபெருமாள் யோசிக்கவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

படத்தை வேலை செய்பவர்களுக்குக் காட்டக் கூடாது என்பது நிறுவனத்தின் முதல் விதி. படங்கள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், நல்லபெருமாள் உட்பட. அந்த வியாழக்கிழமை அவர் படத்தை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருக்கத்தான் முடிவு செய்தார்.

ஷிப்ட் முடிந்து டெல்பின் தொப்பியைக் கொடுக்க வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இன்னைக்கி என்ன படம் சார் போட்டிய?"

"ஏம்மா?"

"தெரியல. கொஞ்சம் முன்ன, பதினோரு மணி வாக்குல இருக்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அழுக வந்துட்டு. காரணம் ஒண்ணும் இல்ல. சும்மா சாஞ்சு கெடந்தவளுக்கு எதுக்கு அழுக வரணும்?" ஈரத்தலையைத் துவட்டியபடியே கேட்டாள். "உடம்புக்கு ஏதும் வந்துட்டோ என்னவோ."

"வெயிலா இருக்கும்மா. தண்ணி குடிங்க" என்றார் நல்லபெருமாள். சொன்னபின் அந்தப் பொய் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

*

இரண்டு நாள் அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவளுடைய தலைக்குள்ளேயே இருக்கும் ஒரு சேதி அவளுக்குத் தெரியாது. தனக்குத் தெரியும். இது எந்த ஊர் நியாயம் என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. சனிக்கிழமை மதியம், பெண்கள் பின்கட்டில் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தபோது, டெல்பினைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு படம் காட்டுதேன். நிதானமாப் பாருங்க. அவசரமில்ல."

படத்தைப் பெரிதாக்கி அவள் பக்கம் திருப்பினார்.

டெல்பின் பார்த்தாள். வலது கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சிலுவை வரைந்தது. பிறகு திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். பின்கட்டில் யாரோ கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசுவது சன்னல் வழியாகக் கேட்டது. நல்லபெருமாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிஷம் போயிருக்கும்.

"இது அவரில்ல சார்" என்றாள்.

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன். தூரத்துல பாத்தா அவருதான். நிக்கிற நிலை அப்படியே இருக்கு. ஆனா இந்த ஆளுக்குக் கழுத்து நீளம். எனக்க மாப்பிள்ளைக்குக் கழுத்தே கெடையாது, தோளுக்குள்ள இழுத்து வச்ச மாரி இருக்கும். காதும் வேற." அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

நல்லபெருமாள் எதிரே உட்கார்ந்தார். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. உங்க மூளை தெரிஞ்ச ஆளுன்னு சொல்லிச்சு. அத நான் நம்பிட்டேன்."

"அது எப்படிச் சொல்லும்?"

அவர் வியாழக்கிழமைக் கோட்டைக் காட்டி, அதன் வகையைச் சொன்னார். டெல்பின் அந்தக் கோட்டை ஆளைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கி மட்டுந்தான் வந்துதா இது?"

இதுவரை நல்லபெருமாள் தேடிப் பார்த்ததே இல்லை. வேலைக்கான அலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயந்திரம் சலித்து ஒதுக்கிவிடும். வியாழக்கிழமை அந்தச் சல்லடையைச் சோதிப்பதற்காகச் சிறிது நேரம் அணைத்து வைத்திருந்தார். அதனால்தான் அது கண்ணில் பட்டது. ஒதுக்கப்பட்ட பதிவுகள் அழிக்கப்படாமல் ஒரு மூலையில் கிடந்தன. டெல்பினின் பதினாலு மாதப் பதிவுகளில் அந்த ஒரு வகை அலையை மட்டும் தேடும்படி இயந்திரத்துக்குச் சொன்னார்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தடவை.

"காட்டுங்க" என்றாள் டெல்பின்.

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு ரயில் நிலையக் கூட்டத்தில் முதுகு காட்டி நிற்கும் ஒருவன். கயிறு இழுக்கும் ஒரு கை, கை மட்டும். தண்ணீர்த் தொட்டியருகே குனிந்திருந்த ஒரு கிழவர். லாரிக்கு அடியில் படுத்திருந்த ஒருவனின் கால்கள். ஒவ்வொன்றுக்கும் டெல்பின் "இல்ல" என்றாள். ஒரு படத்தில் ஆளே இல்லை. பாறைமேல் உலரப்போட்ட ஒரு சட்டை. அடுத்தது புலிக் கணக்கெடுப்புக்கு வந்த காட்டுப் படம். மரங்களுக்கு நடுவே ஒடிந்த ஒரு அடிமரம், மனிதன் சாய்ந்து நிற்பதுபோல்.

"காட்டுக்குள்ளயா" என்றாள் அவள் மெதுவாக. "கடலுக்குப் போன ஆள நான் காட்டுக்குள்ளயா தேடியிருக்கேன்?"

நல்லபெருமாள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "மூளை வாறத எல்லாம் வெறுமனே பாத்துட்டு இருக்காதும்மா. எது வரும்னு நெனைக்கோ, அத முன்னாலயே பாதி வரைஞ்சு வச்சிருக்கும். வர்ற உருவத்துல அந்தப் பாதி பொருந்துதான்னு போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குள்ள அவரு எப்பவும் பாதி வரைஞ்சபடியே இருக்காரு. நிழல் கெடைச்சாக்கூடப் போதும்."

டெல்பின் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா சார். நான் வீட்டுல அவரப் பத்திப் பேசுததில்ல. பிள்ள கேட்டா வேற பேச்சுக்கு மாத்திருவேன். இப்பல்லாம் சில நாளு அவரு மொகமே ஓர்மைக்கு வர மாட்டேங்கு. நாலு வருசத்துல மறந்துட்டியே, நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியான்னு எனக்குள்ளயே ஒரு குத்தம் இருந்துது." திரையிலிருந்த அடிமரத்தைக் கையால் சுட்டினாள். "மறக்கல பாத்தியளா."

அன்று அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே மதிய ஷிப்டுக்குப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருந்தது. பராமரிப்பு என்று சொல்லி நல்லபெருமாள் சாவி வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் அதிக மதிப்பெண் வாங்கும் பன்னிரண்டு பெண்களின் பதிவுகளையும் அதேபோல் தேடினார். ஒன்பது பேரிடம் அந்த அலை இருந்தது. ஒருத்திக்கு நாலாயிரத்துக்கு மேல். அந்த ஒன்பது பேரும் மணல்துறையையும் அதற்கு அடுத்தடுத்த கடற்கரை ஊர்களையும் சேர்ந்தவர்கள்.

பிறகு அவர்கள் வேலைக்குச் சேரும்போது நிரப்பிய படிவங்களை எடுத்தார். கண் நோய் உண்டா, வலிப்பு உண்டா என்ற கேள்விகளுக்குக் கீழே ஒரு கேள்வி: குடும்பத்தில் யாராவது தகவலின்றி இருக்கிறார்களா? ஒன்பது படிவங்களிலும் 'ஆம்'. அந்தக் கேள்வியை அவரே பலரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நொந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள், நல்ல நிறுவனம் என்று வீட்டில் சொல்லியும் இருக்கிறார்.

திங்கட்கிழமை காலை கிளை மேலாளர் ஆதிகேசவனின் அறைக்குப் போனார். சென்னையிலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். நல்லபெருமாள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"உட்காருங்க. முதல் ஆறு மாசத்துலயே நாங்க கவனிச்சோம்" என்றார். "சாதாரண மூளை ரெண்டு மணி நேரத்துல தேடுறத நிறுத்திடும். காத்துக்கிட்டு இருக்கிற மூளை நிறுத்தாது. அதுக்குச் சலிப்பே இல்ல. அதுபாட்டுக்கு அதோட ஆளத் தேடும், போற வழியில நாம கொடுத்ததையும் தேடிக் கொடுத்துடும்."

"அவங்களுக்கு இது தெரியாதே சார்."

"தெரிஞ்சா என்ன ஆகும்? ஒண்ணு, வேலைய விட்டுட்டுப் போவாங்க. இல்ல, தேடுறது நின்னுபோயி மதிப்பெண் குறைஞ்சு நாமளே அனுப்ப வேண்டிவரும். யாருக்கு லாபம்? மீன் கம்பெனியில ஐஸ் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தவங்க, இன்னைக்கு ஏசியில சாஞ்சு படுத்திருக்காங்க. வேற யாரும் இவங்களக் கூப்பிட்டு வேலை கொடுக்கல."

"அது சரி சார். ஆனா அவங்க துக்கத்த..."

"அத நாம உண்டாக்கலையே" என்றார் ஆதிகேசவன். அவர் குரலில் இரக்கம் இல்லாமல் இல்லை. "அது ஏற்கனவே இருந்தது. சும்மா கிடந்தது."

நல்லபெருமாள் எழுந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "சனிக்கிழமை உங்க அறையில நூத்துப் பதினேழு படம் திறந்திருக்கு. பதிவுல இருக்கு. இந்த ஒரு தடவை நான் பாக்கல."

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில், மற்றப் பெண்கள் முதல் பஸ்ஸில் ஏறிப்போன பிறகு, நல்லபெருமாள் எல்லாவற்றையும் டெல்பினிடம் சொன்னார். படிவத்தின் கேள்வி உட்பட. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவருக்கு மண்ணு போட்டுட்டா அது நின்னுருமா சார்?"

"எது?"

"அந்தத் தேடுறது."

"தெரியலம்மா" என்றார். அது பொய் இல்லை.

*

மூன்று வாரம் கழித்து மணல்துறைக் கோயிலில் கிளீட்டஸுக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள். அந்தப் படகில் காணாமல்போன ஒன்பது பேரின் வீடுகளில் முதன்முதலாக வைத்தது டெல்பின்தான். நாலு வருஷமாக ஒத்துக்கொள்ளாத அவளுடைய மாமியாரை அவள் எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற எட்டு வீட்டுப் பெண்களில் சிலர் வந்திருந்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நீ இப்படிச் செய்தால் எங்கள் ஆட்களும் செத்தவர்கள் என்றாகிவிடாதா என்று ஒருத்தி தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாள் என்று பேச்சு.

நல்லபெருமாளுக்கு அழைப்பு வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போது எழ வேண்டும் எப்போது முட்டுப்போட வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரிசையில் நின்றார். பூசைக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில், உடல் இல்லாத குழியில், ஒரு சின்ன மரப்பெட்டியை இறக்கினார்கள். அதில் அவனுடைய ஒரு சட்டையும், ஒரு தூண்டில் நரம்புச் சுருளும், கல்யாணப் போட்டோவும் இருப்பதாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஒன்பது வயது மகள் அபிஷா முதல் பிடி மண்ணைப் போட்டாள். போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தாயின் பின்னால் போய் நின்றாள். டெல்பின் தாலியைக் கழற்றி மாமியாரின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண்மணி அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் டெல்பின் வேலைக்கு வந்தாள்.

நல்லபெருமாள் சல்லடையை அணைத்து வைத்துவிட்டு, காலையிலிருந்து அவளுடைய கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மணி நேரமும் இல்லை. அவருக்கு மனம் லேசாகிக்கொண்டு வந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோடு எழுந்தது. அதே கூர்மை. அதன்பின் ஷிப்ட் முடிவதற்குள் இன்னும் எட்டு தடவை.

டெல்பின் தொப்பியைக் கொடுத்துவிட்டு நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"நின்னுட்டா சார்?"

அந்த வியாழக்கிழமை சொன்னதுபோல் இன்னொரு பொய்யைச் சொல்ல அவரால் முடியவில்லை. "இல்லம்மா. ஒம்பது தடவ."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சாமியாரு சொல்லி, சொந்தக்காரங்க சொல்லி, நானும் எனக்கே சொல்லியாச்சு. கண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லல போல" என்றாள். "இருக்கட்டும். அது பாத்தா பாத்துட்டுப் போவட்டும். ஆனா சார், நாளையில இருந்து நான் வர மாட்டேன்."

"நான் வேணும்னா மேலாளர்கிட்ட..."

"வேண்டாம் சார். உங்க மேல கோவம் இல்ல. இந்தக் கம்பெனி மேலயும் அப்படி ஒண்ணும் இல்ல. அவரத் தேடுதது எனக்க பாடு. அத இன்னொருத்தனுக்கு ஓட்ட கன்டெய்னர் கண்டுபிடிக்கக் கொடுக்க எனக்கு மனசு வரல. பீச்சுல நின்னு தேடுதேன். மீன் ஏலக்கடையில நின்னு தேடுதேன். அங்க தேடுனா எனக்குத் தெரிஞ்சு தேடுவேன்லா."

பையை எடுத்துக்கொண்டு, கூடத்திலிருந்த இரண்டு மூன்று பேரிடம் கையசைத்துவிட்டுப் போனாள். ஏலக்கடையில் மீன் எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராக விற்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டார்.

*

அவளுடைய நாற்காலி ஒரு மாதம் காலியாக இருந்தது. பிறகு பிரிஜிட் வந்தாள்.

இருபத்தாறு வயது. மணல்துறைக்கு மேற்கே உள்ள ஊர். கூடப்பிறந்த தம்பி கேரளத்துப் படகு ஒன்றில் வேலைக்குப் போனவன். எட்டு மாதமாகச் சேதி இல்லை. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். படிவத்தின் அந்தக் கேள்விக்கு வந்ததும் நல்லபெருமாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, இந்த வேலையில் என்ன நடக்கிறது, எதற்காக இந்தக் கேள்வி, டெல்பின் ஏன் போனாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்வதற்கு அரைமணி நேரம் ஆனது. அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள்.

"இல்லைன்னு எழுதிருதேன்" என்றார் கடைசியில். "அப்போ உங்கள எடுக்க மாட்டாங்க. மீன் கம்பெனியில எனக்குத் தெரிஞ்சவரு இருக்காரு, சொல்லுதேன்."

"ஒரு நாளைக்கி எத்தன படம் சார்?" என்று கேட்டாள் பிரிஜிட்.

"என்ன?"

"எனக்குக் காட்டுதது."

"ஒண்ணரை லட்சம் இருக்கும்."

"எந்த ஊரு படம்?"

"எல்லா ஊரும்தான். துறைமுகம், ரோடு, ரயில்வே ஸ்டேஷன், கூட்டம், காடு. இன்ன ஊருன்னு இல்ல."

அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, வியர்வையில் நிறம் போயிருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பையன்.

"இத வச்சுட்டுக் கொச்சி வரைக்கும் போயிருக்கேன் சார். ஒவ்வொரு துறைமுகமா, ஒவ்வொரு ஆஸ்பத்திரியா. பொணம் கெடக்கிற எடத்துக்கும் போயிப் பாத்துட்டு வந்தேன். அதுக்கு மேல எங்க போவணும்னு எனக்குத் தெரியல, போவதுக்கு வழியும் இல்ல. எட்டு மாசத்துல நான் எத்தன பேரு மொகத்தப் பாத்திருப்பேன்? ஆயிரம் இருக்குமா?" படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "டெல்பின் அக்கா சொன்னது அக்காவுக்குச் சரி. அக்கா மண்ணு போட்டாச்சு. நான் இன்னும் தேடி முடிக்கல."

"அந்த அலைய நம்ப முடியாதும்மா. அடிமரத்தப் பாத்தாலும் வரும். ரெண்டாயிரம் தடவ வந்துது, ஒண்ணுகூட நெசமில்ல."

"நெசமா இல்லியான்னு நான் பாத்துச் சொல்லுதேன். அது வாறப்ப என்னக் கூப்பிட்டுக் காட்டணும். அவ்வளவுதான். காட்டுவியளா?"

நல்லபெருமாள் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆதிகேசவனின் கார் மரத்தடியில் நின்றது. ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருஷம். மகளுக்குக் கல்லூரி அடுத்த ஜூனில். ஒரு தடவை பார்க்காமல் விட்டவர் இரண்டாம் தடவையும் அப்படி விடுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

"காட்டுதேன்" என்றார்.

பிரிஜிட் 'ஆம்' என்ற இடத்தில் தானே கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

வேலையைத் தொடங்கிய அன்று, முதல் நாற்பது நிமிஷம் அவளுடைய கோடு ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தோராவது நிமிஷத்தில் எழுந்தது. நல்லபெருமாள் அவளுடைய நாற்காலியின் ஓட்டத்தை மட்டும் நிறுத்தி, கூடத்துக்குள் போய், அவள் தோளைத் தொட்டார். பிரிஜிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையிலிருந்து நீர் சொட்ட, வெறுங்காலோடு அவர் பின்னால் வந்தாள்.

திரையில் ஒரு சந்தை. பழக்கூடைகளுக்குப் பின்னால், யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பையன்.

அவள் குனிந்து பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு மூச்சை விட்டாள்.

"இவனில்ல சார்."

திரும்பப் போய் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். நல்லபெருமாள் இன்னும் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போடுங்க சார்" என்றாள்.